கூடினாலும் வலிப்பு, குறைந்தாலும் வலிப்பு: பொட்டாசியம் சேனல் மரபணுக்கள் பிறழும்போது

பிறந்தபோது ஒரு குறையும் இல்லாத குழந்தை. நன்றாகப் பால் குடிக்கிறது, நன்றாகத் தூங்குகிறது. இரண்டு மூன்று நாள் கழித்துத் திடீரென உடல் விறைக்கிறது, மூச்சு சற்று நிற்கிறது, கை கால்கள் வெட்டி இழுக்கின்றன. ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. அப்புறம் மறுபடி வருகிறது. குடும்பத்தில் விசாரித்தால், அப்பாவுக்கும் கைக்குழந்தையாக இருந்தபோது இப்படி வந்ததாம், அத்தைக்கும் வந்ததாம். இருவரும் இன்று நலமாகவே இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை 1964ல் வியன்னாவில் ஆந்திரேயாஸ் ரெட் என்ற மருத்துவரும் டோய்பெலும் பதிவு செய்தார்கள். காரணமான மரபணு கைக்குக் கிடைக்க 1998 ஆயிற்று. அது பொட்டாசியம் சேனல் ஒன்றைக் கட்டும் மரபணு. பிறழ்வினால் அந்தச் சேனல் குறைவாக வேலை செய்கிறது.

இன்னொரு குழந்தை. முதல் ஆறு மாதத்துக்குள் வலிப்பு தொடங்குகிறது. மூளை மின்னலை வரைபடத்தில் பார்த்தால் வலிப்பு ஓரிடத்தில் தொடங்கி, மூளையின் மறுபக்கத்துக்கு இடம் மாறிக்கொண்டே போகிறது. எந்த மருந்துக்கும் எளிதில் அடங்குவதில்லை. குழந்தையின் வளர்ச்சி நின்றுபோகிறது. இதற்கும் காரணம் ஒரு பொட்டாசியம் சேனல் மரபணுதான். ஆனால் இங்கே சேனல் அளவுக்கு மீறி வேலை செய்கிறது.

குறைந்தாலும் வலிப்பு, கூடினாலும் வலிப்பு. இரண்டையும் ‘பொட்டாசியம் சேனல் கோளாறு’ என்று ஒரே பெயர் சொல்லிக் கடந்துவிட்டால் ஒரு குழந்தைக்குத் தேவையான மருந்து இன்னொரு குழந்தையின் நிலைமையை மோசமாக்கிவிடும். என் பார்வையில், இந்த நோய்களில் எந்த மரபணு கெட்டது என்ற கேள்வி பாதிதான். எந்தத் திசையில் கெட்டது என்பது மீதிப் பாதி.

சரி, சேனல் என்றால் என்ன?

நரம்பு செல்லுக்குள் பொட்டாசியம் அயனிகளின் அளவு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். செல்லுக்கு வெளியே மூளையின் திரவத்தில் சுமார் 3 மில்லிமோல்தான். செல் சவ்வு கொழுப்பால் ஆனது, மின்சுமை உள்ள அயனி அதைக் கடக்க முடியாது. சவ்வில் பொதிந்திருக்கும் புரதத் துளைதான் சேனல். அது திறந்தால் பொட்டாசியம் அடர்த்தி குறைந்த வெளிப்பக்கத்துக்குப் போகிறது. போகும்போது நேர்மின் சுமையையும் எடுத்துக்கொண்டு போவதால் செல்லின் உட்புறம் எதிர்மின் பக்கம் சாய்கிறது. ஓய்வில் இருக்கும் நியூரான் ஏறக்குறைய மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் நிற்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் கசிவுதான்.

சோடியம் சேனல்கள் திறந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. சோடியம் உள்ளே பாய்கிறது, மின்னழுத்தம் எகிறுகிறது, நரம்புத் துடிப்பு பிறக்கிறது. அடுத்த கணமே பொட்டாசியம் சேனல்கள் திறந்து செல்லை மறுபடி கீழே இறக்குகின்றன. எல்லாம் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். கணவாய் மீனின் தடித்த ஆக்சானில், அதாவது துடிப்பைக் கடத்தும் நரம்பு செல்லின் நீண்ட இழையில், ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இதை அளந்து, 1952ல் சமன்பாடுகளாகவே எழுதிக் காட்டினார்கள். 1963ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சேனல் என்ற புரதத்தை அப்போது யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

அதைக் கண்ணால் பார்க்க வைத்தவர் ராடரிக் மெக்கின்னன். 1998ல் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் சேனலைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் கொண்டு அதன் அணு அமைப்பைக் காட்டினார். நீண்ட நாள் புதிர் ஒன்று அதில் அவிழ்ந்தது. பொட்டாசியம் அயனியின் ஆரம் 0.133 நானோமீட்டர், சோடியத்தின் ஆரம் 0.095. பெரியது போகிற துளையில் சின்னது தாராளமாகப் போக வேண்டும். ஆனால் போவதில்லை. ஆயிரம் பொட்டாசியம் கடக்கும் நேரத்தில் ஒரு சோடியம் கடந்தாலே அதிகம்.

விடை தண்ணீரில் இருக்கிறது. கரைசலில் எந்த அயனியும் தனியாக இருப்பதில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். சேனலின் குறுகலான பகுதிக்குள் நுழைய வேண்டுமானால் அந்தத் தண்ணீரை உதற வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். அந்தக் குறுகலின் சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக உள்நோக்கி நிற்கின்றன. தண்ணீரின் ஆக்சிஜன் பொட்டாசியத்தை எவ்வளவு தொலைவில் சூழ்ந்திருந்ததோ, ஏறக்குறைய அதே தொலைவில் இவையும் சூழ்கின்றன. ஆகவே பொட்டாசியத்துக்கு இழப்பில்லை. சோடியம் சின்னது. சுவரின் ஆக்சிஜன்கள் அதை நெருங்கிப் பிடிக்க முடிவதில்லை. தண்ணீரை விட்டுக்கொடுத்ததற்கு ஈடு கிடைக்காததால் அது உள்ளே வருவதே இல்லை. இவ்வளவு கறாராகத் தேர்ந்தெடுத்தும் வேகம் குறைவதில்லை. சில வகைச் சேனல்களில் நொடிக்குப் பத்து கோடி அயனிகள் வரை கடக்கும். மெக்கின்னனுக்கு 2003ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்த ஆக்சிஜன் சுவரைக் கட்டுவது, புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்கள் ஐந்து கொண்ட ஒரு சிறு துண்டு. பாக்டீரியாவிலிருந்து மனிதன் வரை அது ஏறக்குறைய மாறாமல் வந்திருக்கிறது. அதற்கான மரபணு வரிசையில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று ஊகிப்பது கடினமில்லை.

மனிதச் சேனலின் முழு உருவத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். மின்னழுத்தத்துக்குத் திறக்கும் பொட்டாசியம் சேனல் நான்கு புரதத் துண்டுகள் கூடி அமைவது. ஒவ்வொரு துண்டும் ஆறு சுருள்களாகச் சவ்வை ஆறு முறை ஊடுருவிச் செல்கிறது. ஐந்தாவதும் ஆறாவதும் சேர்ந்து துளையைக் கட்டுகின்றன. நான்காவது சுருளில் ஆர்ஜினின் என்ற நேர்மின் அமினோ அமிலம் சீரான இடைவெளியில் அமைந்திருக்கிறது. செல்லின் மின்னழுத்தம் மாறும்போது இந்தச் சுருள் இடம் நகர்ந்து கதவை இழுத்துத் திறக்கிறது.

நான்கு துண்டுகள் சேர்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நம்மிடம் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகள். ஒன்று நல்லது, ஒன்று பிறழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். செல் இரண்டு வகைப் புரதத்தையும் சரிபாதியாக உற்பத்தி செய்யும். நான்கு இடத்திலும் நல்ல துண்டே அமைய வாய்ப்பு பாதியின் பாதியின் பாதியின் பாதி, அதாவது 16ல் 1. ஒரே ஒரு கெட்ட துண்டு போதும் சேனலை முடக்க என்ற வகைப் பிறழ்வாக இருந்தால், ஒரு பிரதி கெட்டதற்கு 16ல் 15 சேனல்கள் போய்விடும். பிறழ்ந்த பிரதி புரதத்தையே உண்டாக்காமல் இருந்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். சில நேரம் ஒரு மரபணு முழுதாகக் கெடுவதைவிட அரைகுறையாகக் கெடுவது மோசம் என்று சொல்வது இதனால்தான்.

மனித மரபணுத் தொகுதியில் பொட்டாசியம் சேனலுக்கு மட்டும் ஏறக்குறைய 80 மரபணுக்கள் இருக்கின்றன. சோடியத்துக்கோ கால்சியத்துக்கோ இவ்வளவு கிடையாது. எந்த நியூரான் எப்படித் துடிக்க வேண்டும் என்பதன் நுணுக்கமெல்லாம் பொட்டாசியத்தின் வழியாகத்தான் தீர்மானமாகிறது.

இவற்றில் முதலில் பிடிபட்டது ஈயிலிருந்து வந்தது. பழ ஈக்களில் ஒரு வகை, ஈதர் மயக்கத்தில் கிடக்கும்போதும் கால்களை உதறிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த மரபணுவுக்கு ஷேக்கர் என்று பெயர். 1987ல் கலிஃபோர்னியாவில் லில்லி ஜான், யூ நங் ஜான் தம்பதியரின் ஆய்வகம் அதைப் பிரித்தெடுத்தது. முதலில் கைக்குக் கிடைத்த பொட்டாசியம் சேனல் மரபணு அதுதான். ஏழு ஆண்டுகள் கழித்து, 1994ல், அதன் மனித உறவான கேசிஎன்ஏ1 மரபணுவில் ஒரு நோய் அகப்பட்டது: எபிசோடிக் அட்டாக்ஸியா முதல் வகை. இந்த நோய் உள்ளவர் நன்றாக நடந்துகொண்டிருப்பார். திடீரென்று யாராவது கூப்பிட்டால், பயந்துபோனால், சட்டென்று எழுந்தால், சில நொடிகளோ சில நிமிடங்களோ உடல் தள்ளாடும், பேச்சு குழறும், கைகள் நடுங்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலச் சரியாகிவிடும். இடைப்பட்ட நேரத்தில் தோலுக்கடியில் தசைகள் நெளிந்துகொண்டே இருப்பதைக் கவனித்துப் பார்த்தால் தெரியும். சிறுமூளையில் தடுப்பு வேலை செய்யும் செல்களின் முனைகளிலும், ஆக்சான்களிலும் இந்தச் சேனல்தான் துடிப்பை அளவோடு நிறுத்துவது. அது குறைந்தால் துடிப்பு தேவைக்கு மேல் நீள்கிறது.

இனி முதலில் பார்த்த குழந்தையின் மூன்றாம் நாள் வலிப்புக்கு வருவோம். அந்த மரபணுக்கள் கேசிஎன்க்யூ2, கேசிஎன்க்யூ3. இவை சேர்ந்து கட்டும் சேனல் மற்றவற்றைப் போலத் துடிப்பின் உச்சத்தில் திறப்பதில்லை. மைனஸ் 60 மில்லிவோல்ட் அளவிலேயே, அதாவது துடிப்பு தொடங்குவதற்கு முன்பே, மெல்லத் திறந்து திறந்தபடியே இருக்கும். ஆக்சான் தொடங்கும் இடத்தில், துடிப்பு முதலில் பிறக்கும் அதே இடத்தில், இது குவிந்திருக்கிறது. நியூரானுக்கு இது எப்போதும் லேசாகப் பிடித்திருக்கும் பிரேக். இந்த மின்னோட்டத்தை 1980ல் டேவிட் பிரவுனும் பால் ஆடம்ஸும் தவளையின் நரம்பு செல்லில் கண்டுபிடித்திருந்தார்கள். மரபணு கிடைத்த பிறகுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது.

இந்த மின்னோட்டம் எவ்வளவு குறைந்தால் வலிப்பு வரும் என்று 1998லேயே அளந்து பார்த்தார்கள். சுமார் 25 சதவீதம் குறைந்தாலே போதும். முக்கால் பங்கு நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே பச்சிளம் மூளை தாங்குவதில்லை. சில மாதங்களில் வலிப்பு தானாக நின்றுபோவதற்கும் விளக்கம் உண்டு. பெரியவர்களின் மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள், பிறந்த புதிதில் மூளையைத் தூண்டும் பக்கமே அதிகம் வேலை செய்கிறது. மற்றப் பொட்டாசியம் சேனல்களும் முழு எண்ணிக்கைக்கு வந்திருக்காது. அந்த இடைவெளியில் கேசிஎன்க்யூ2தான் பெரும்பாரத்தைச் சுமக்கிறது. மூளை முதிர்ந்ததும் சுமையைப் பகிர மற்றவை வந்துவிடுகின்றன.

ஆனால் இதே மரபணு எப்போதும் இவ்வளவு எளிதில் விட்டுவிடுவதில்லை. 2012ல், பிறந்த முதல் வாரங்களிலேயே கடும் வலிப்பும் வளர்ச்சிக் குறைவும் கண்ட 80 நோயாளிகளைச் சோதித்ததில் 8 பேருக்கு கேசிஎன்க்யூ2 பிறழ்வு இருந்தது. பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாத, குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய பிறழ்வு. சேனலைப் பாதியாக்குவதோடு நிற்காமல், நல்ல பிரதியின் புரதத்தோடும் கூடி அதையும் கெடுக்கும் வகை பல. வலிப்பு வயது ஏற ஏறக் குறைவதுண்டு. கற்றலும் பேச்சும் பின்தங்குவது மட்டும் பலருக்குத் தொடர்கிறது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு கார்பமாசெபின், ஃபெனிடாயின் போன்ற சோடியம் சேனலை அடக்கும் மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன என்பது மரபணு தெரிந்ததால் கிடைத்த உடனடிப் பலன். பிரேக் பலவீனமாக இருக்கிறதா, ஆக்ஸிலேட்டரைக் குறை.

பிரேக்கையே பலப்படுத்தும் மருந்தும் இருந்தது. ரெடிகாபின் இந்தச் சேனலை எளிதில் திறக்க வைக்கும். 2011ல் பெரியவர்களின் வலிப்புக்கு அனுமதி கிடைத்தது. நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குத் தோலும் நகமும் நீலம் பாய்வதும், விழித்திரையில் நிறமி படிவதும் தெரியவந்தது. 2017ல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த நோய்க்கென்றே வார்த்தது போல அமைந்த மருந்து இப்படிப் போனது பெரிய இழப்பு. அதே வழியில், அந்தப் பக்கவிளைவு இல்லாத மூலக்கூறுகளைத் தேடும் வேலை அதற்குப் பிறகும் நடந்து வருகிறது.

கேசிஎன்க்யூ2 அதிகமாக வேலை செய்யும் பிறழ்வும் உண்டு. 201ஆவது இடத்தில் இருக்கும் ஆர்ஜினின் மாறினால் சேனல் தேவையில்லாத நேரத்திலும் திறந்து கிடக்கும். அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்த புதிதில் வலிப்பு வருவதில்லை. சின்னச் சத்தத்துக்கும் உடல் தூக்கிப்போடும், மூச்சு விடுவதில் சிக்கல் இருக்கும். கேசிஎன்க்யூ2 என்ற பெயரை மட்டும் அறிக்கையில் பார்த்துவிட்டு இவர்களுக்குச் சேனலைத் திறக்கும் மருந்தைக் கொடுப்பது, ஏற்கெனவே மிகையாக இருப்பதை இன்னும் கூட்டுவதாகும்.

இடம் மாறும் வலிப்பு வந்த அந்த இரண்டாவது குழந்தையின் மரபணு கேசிஎன்டி1. செல்லுக்குள் சோடியம் கூடும்போது திறக்கும் பொட்டாசியம் சேனல் இது. 2012ல் இந்த நோயோடு தொடர்பு தெரிந்தது. பிறழ்ந்த சேனலை ஆய்வகத்தில் அளந்தபோது மின்னோட்டம் பலமடங்கு அதிகமாக இருந்தது. பொட்டாசியம் அதிகமாக வெளியேறினால் நியூரான் அடங்கத்தானே வேண்டும், வலிப்பு எப்படி வரும்? எந்த நியூரான் அடங்குகிறது என்று கேட்டால் பதில் கிடைக்கிறது. மூளையில் தூண்டும் செல்களும் உண்டு, தூண்டுவதை அடக்கும் செல்களும் உண்டு. அடக்க வேண்டியவை அடங்கிப்போனால் மற்றவை கட்டவிழ்ந்து பாய்கின்றன. இந்தப் பிறழ்வைப் புகுத்திய எலிகளில், அடக்கும் செல்களின் துடிப்புதான் அதிகம் குன்றியிருந்தது என்று 2020ல் வெளியான ஆய்வு காட்டியது.

சேனல் மிகையாகத் திறக்கிறது என்றால் அடைக்கும் மருந்து கொடுக்கலாமே? கொடுத்துப் பார்த்தார்கள். சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்த குவினிடின், இதயத் துடிப்புக் கோளாறுக்கான பழைய மருந்து, இந்தச் சேனலை அடைக்கும். 2014ல் ஒரு குழந்தைக்கு வலிப்பு வெகுவாகக் குறைந்ததாகச் செய்தி வந்தபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. பிறகு வந்தவர்களில் பலருக்கு அது உதவவில்லை. இதே மரபணுவால் தூக்கத்தில் வலிப்பு வரும் ஆறு பேரிடம் நடந்து 2018ல் வெளியான சோதனையிலும் பலன் தெரியவில்லை. இதயத்தின் பொட்டாசியம் சேனலையும் குவினிடின் அடைப்பதால் மருந்தளவைக் கூட்டவும் முடியவில்லை. திசை சரியாகத் தெரிந்திருந்தும், குறி பார்த்துத் தாக்கும் மருந்து கையில் இல்லாததால் வந்த தோல்வி இது. புரதத்தை விட்டுவிட்டு, அதைக் கட்டுவதற்கான மரபணுவின் நகலான ஆர்என்ஏவையே குறைக்கும் முறை எலிகளில் வலிப்பைக் குறைத்து ஆயுளைக் கூட்டியிருக்கிறது.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். கேசிஎன்சி1ல் 320ஆவது இடத்து ஆர்ஜினின், ஹிஸ்டிடின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாறினால், தசை வெட்டல்களும் தள்ளாட்டமும் ஆண்டுக்கு ஆண்டு கூடும் ஒரு வலிப்பு நோய் வருகிறது. 2015ல் தெரிந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குடும்பங்களில் அதே எழுத்து மாறியிருந்தது. காய்ச்சல் வந்தால் சிலருக்கு நடை தற்காலிகமாக மேம்படுகிறது. கேசிஎன்ஜே10 நியூரானில் இல்லை, அதைச் சூழ்ந்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் இருக்கிறது. துடிப்பு முடிந்தபின் வெளியே சேர்ந்த பொட்டாசியத்தை வாரி அப்புறப்படுத்துவது அதன் வேலை. அது இரண்டு பிரதியிலும் கெட்டால் வலிப்பு, தள்ளாட்டம், காது கேளாமை, சிறுநீரகத்தில் உப்பு இழப்பு எல்லாம் ஒன்றாக வருகின்றன.

கேசிஎன்ஜே11 பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மகிழ்ச்சியான விஷயம். இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கணையத்தில் இருக்கும் இந்தச் சேனல் மூட வேண்டும், அப்போதுதான் இன்சுலின் சுரக்கும். மிகைச்செயல் பிறழ்வு இருந்தால் மூடாது. குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே சர்க்கரை நோய் வரும். அதே சேனல் மூளையிலும் இருப்பதால் சிலருக்கு வளர்ச்சிக் குறைவும் வலிப்பும் சேர்ந்துகொள்ளும். 2004ல் மரபணு தெரிந்தது. சேனலை மூட வைக்கும் மாத்திரை ஏற்கெனவே கடைகளில் இருந்தது. பெரியவர்களின் சர்க்கரை நோய்க்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவந்த சல்ஃபோனைல்யூரியா. 2006ல் வெளியான ஆய்வில் 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியையே நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறினார்கள். நரம்புப் பிரச்சினை முழுதாகத் தீர்வதில்லை, ஆனால் சீக்கிரம் தொடங்கினால் முன்னேற்றம் தெரிகிறது.

திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? மரபணு வரிசையைப் படித்தால் எந்த எழுத்து மாறியது என்று தெரியும். சேனல் கூடியதா குறைந்ததா என்று அதில் எழுதியிருக்காது. பல அறிக்கைகள் ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’ என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெற்றோரின் நிலை கொடியது. ஆய்வகத்தில் செய்வது இது: பிறழ்ந்த மரபணுவைத் தவளை முட்டைக்குள்ளோ வளர்ப்பு செல்லுக்குள்ளோ செலுத்தி அந்தப் புரதத்தை உருவாக்க வைக்கிறார்கள். பிறகு நுண்ணிய மின்முனையால் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று அளக்கிறார்கள். வளர்ப்பு செல்லென்றால் நுனி மெலிந்த கண்ணாடிக் குழாயைச் சவ்வில் ஒட்டவைத்து உறிஞ்சி, கசிவில்லாமல் பிடித்துக்கொள்வார்கள். 1976ல் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மானும் ஒற்றைச் சேனலின் மின்னோட்டத்தையே இப்படி அளந்து காட்டினார்கள், 1991ல் நோபல் பெற்றார்கள். நல்ல சேனலின் வளைகோட்டையும் பிறழ்ந்ததன் வளைகோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். இன்று இதைத் தானியங்கி இயந்திரங்கள் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான செல்களில் செய்கின்றன.

இந்த அளவீடு சிகிச்சையாக மாறியது கேசிஎன்ஏ2 மரபணுவில். 2015ல் இதனால் வரும் வலிப்பும் தள்ளாட்டமும் வெளிவந்தபோதே இரண்டு திசைகளும் தெரிந்தன. 405ஆவது இடத்தில் புரோலின் லியூசின் ஆனால் சேனல் செயலிழக்கிறது. 297ஆவது இடத்தில், கதவை இழுக்கும் அந்த நான்காவது சுருளில், ஆர்ஜினின் குளூட்டமின் ஆனால் சேனல் மூடவே மறுக்கிறது. இரண்டும் கலந்த பிறழ்வுகளும் பின்னர் கிடைத்தன. சேனலை அடைக்கும் 4-அமினோபிரிடின் வேறொரு நரம்பு நோய்க்கு ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த மருந்து. ஆரோக்கியமான மூளையில் இதுவே அளவு மிஞ்சினால் வலிப்பை வரவழைக்கும். செயலிழப்புப் பிறழ்வு உள்ளவருக்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே முதலில் ஒவ்வொரு பிறழ்வையும் செல்லில் வைத்து அளந்து, மிகைச்செயல் உறுதியானவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். 2021ல் முடிவுகள் வெளியாயின. 11 பேரில் 9 பேருக்கு முன்னேற்றம். தினமும் வந்த வலிப்பு சிலருக்கு நின்றது அல்லது குறைந்தது, தள்ளாட்டம் குறைந்தது, பேச்சும் கவனமும் மேம்பட்டன.